வாட்டைப் பார்க்காதே தம்பி, பெட்டியைத் தட்டிப் பார்

தம்பி, ஆவணியில் புது வீட்டுக்குப் பால் காய்ச்சப் போகிறாய். அதற்குள் ஹாலில் ஹோம் தியேட்டர் வந்துவிட வேண்டும், "சப்-வூஃபர் போட்டா வீ.கே.புதூரே அதிரணும்க்கா" என்று போனில் குதித்தாய். ஊர் அதிர்வதைப் பிறகு பார்ப்போம். முதலில் நீ ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போ.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. குடத்தில் தண்ணீர் விழ ஆரம்பிக்கும்போது அடித்தொண்டையில் 'குபுகுபு'வென்று ஒரு சத்தம் வரும். தண்ணீர் ஏற ஏற அது மெலிந்து கீச்சென்று ஆகிக்கொண்டே போகும். கழுத்து வரை நிறைந்துவிட்டதா என்று நாங்கள் எட்டிப் பார்ப்பதில்லை. பக்கத்து வீட்டு மதினியோடு பேசிக்கொண்டே காதால் கேட்டுக் குழாயை அடைத்துவிடுவோம். உள்ளே காற்று நிறைய இருந்தால் சத்தம் கீழே இறங்கும், காற்று குறைந்தால் மேலே ஏறும். சப்-வூஃபர் வாங்கப் போகிறவன் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி இதற்குள் இருக்கிறது.

மீதிப் பாதிக்கு நம்மூர்க் கோயில் கொடையை நினைத்துக்கொள். வில்லுப்பாட்டில் வில்லின் நடுவே மண்குடத்தைச் சேர்த்துக் கட்டியிருப்பார்கள். குடக்காரர் பாக்கு மட்டைப் பத்தியால் அதன் வாயில் ஓங்கி அறைந்தால் 'பும்' என்று நெஞ்சுக்குழியில் வந்து இறங்கும். மண் அதிர்ந்து வருகிற சத்தம் இல்லை அது. குடத்துக்குள் அடைபட்ட காற்று ஸ்பிரிங் மாதிரி அமுங்கி விரிகிறது. கழுத்தில் நிற்கிற காற்று அந்த ஸ்பிரிங்கில் தொங்கவிட்ட எடைக்கல் மாதிரி உள்ளும் வெளியும் ஓடுகிறது. கடையில் பைப் வைத்த பெட்டியைக் காட்டி 'போர்ட் வச்சது' என்பார்கள் இல்லையா, அது இந்தக் குடமேதான். அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்து ஆல்பர்ட் துராஸ் இப்படி ஒரு பெட்டிக்கு 1930இல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்து 1932இல் வாங்கினார். நம்ம குடக்காரர் யாரிடமும் விண்ணப்பிக்கவில்லை.

அப்பா ரேடியோ செட் வைத்திருந்த காலத்தில் இதெல்லாம் எனக்குத் தெரியாது. வயர் சுற்றுவேன், குழாய் ஸ்பீக்கரைத் துடைப்பேன், அவ்வளவுதான். பிறகு உன் அத்தானோடு சேர்ந்து இரண்டு பெட்டி செய்து, ஒன்றில் கையைச் சுட்டுக்கொண்ட பிறகுதான் கணக்குப் போடக் கற்றேன். அந்தக் கதைக்கு வருகிறேன்.

முதலில் ஆசையை அளந்துகொள். 15 லிட்டர் கொள்ளும், 12 செ.மீ. வாய் உள்ள ஒரு குடத்துக்குக் கணக்குப் போட்டால் அதன் 'பும்' சுமார் 130 ஹெர்ட்ஸில் வருகிறது. நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் அடித் தந்தி 41 ஹெர்ட்ஸ். இளையராஜா பாட்டில் பேஸ் கிட்டார் தனியாக ஒரு பாட்டைப் பாடிக்கொண்டே நடக்குமே, அது முழுசாகக் கேட்க உன் பெட்டி 40 வரை இறங்கினால் போதும். இங்கிலீஷ் படத்தில் கட்டடம் சரிகிற சத்தம் அதற்கும் கீழே, 20, 30 என்று போகும். காது கேட்கிற எல்லையே 20தான். அதற்குக் கீழே உடம்புதான் உணரும், பேரருவிக்கு அடியில் தலையைக் கொடுத்து நிற்கும்போது நெஞ்சு உணர்கிற மாதிரி. நீ பாட்டுக் கேட்கிறவனா, படம் பார்க்கிறவனா என்று முதலில் முடிவு பண்ணு. எனக்குத் தெரிந்து உன் வீட்டில் பாதி நேரம் சீரியல்தான் ஓடும். சீரியலுக்கு சப்-வூஃபரே வேண்டாம்.

கடைக்குப் போனதும் உன் கண் அட்டைப்பெட்டியில் போட்டிருக்கிற வாட்டில்தான் விழும். 'பத்தாயிரம் வாட் பி.எம்.பி.ஓ.' என்று போட்டிருந்தால் அந்த எண்ணை அப்படியே மறந்துவிடு. அது ஒரு நொடியில் நூற்றில் ஒரு பங்குக்குக் கூட நிற்காத உச்சத்தை எல்லாம் கூட்டிப் பெருக்கிச் சொல்கிற கணக்கு. ஆர்.எம்.எஸ்., அதாவது தொடர்ந்து தருவது, எத்தனை வாட் என்று கேள். கடைக்காரருக்குத் தெரியவில்லை என்றால் பெட்டியைத் திருப்பிப் பின்பக்கம் ஃபியூஸ் எத்தனை ஆம்பியர் என்று பார். ஒரு ஆம்பியர் ஃபியூஸ் என்றால் 230 வோல்ட்டில் அது தொடர்ந்து இழுக்கக்கூடியது சுமார் 230 வாட். சுவரிலிருந்து வாங்காததை ஸ்பீக்கருக்கு எங்கிருந்து கொடுக்கும்?

நம்ம பக்கத்து மெக்கானிக்குகள் அசெம்பிள் பண்ணித் தருகிற ஆம்ப்ளிஃபயரிலும் இதே கணக்குதான். '12-0-12, 5 ஆம்பியர்' டிரான்ஸ்ஃபார்மர் போட்டிருக்கிறேன் என்றால் 24 வோல்ட்டை ஐந்தால் பெருக்கு, 120 வருகிறது. அதில் ஒரு பங்கு சூடாகப் போய்விடும். டி.டி.ஏ. 2030 ஐ.சி. ஒன்று, 4 ஓம் ஸ்பீக்கருக்கு 14 வாட் வாக்கில்தான் தரும். நல்ல ஐ.சி.தான், குற்றம் சொல்லவில்லை. பாட்டுக்கு ஒரு சின்ன அறைக்குத் தாராளம். ஆனால் அதை வைத்துக்கொண்டு சப்-வூஃபரை ஆட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் ஒரு டீ குடித்துவிட்டு எழுந்து வந்துவிடு.

பழைய மாதிரி டிரான்ஸ்ஃபார்மர் ஆம்ப்ளிஃபயர் என்றால் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடலாம், கனமாக இருந்தால் சரக்கு இருக்கிறது. இப்போது வருகிற கிளாஸ்-டி போர்டுகள் இறகு மாதிரி இருந்தாலும் வாட் உண்மையாகவே கொடுக்கும். அதற்கு இந்தத் தூக்கிப் பார்க்கிற வேலை செல்லாது. இன்னொன்று, வாட்டை இரண்டு மடங்காக்கினால் சத்தம் 3 டெசிபல்தான் கூடும், உற்றுக் கேட்டால்தான் தெரியும். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற வேண்டுமானால் பத்து மடங்கு வாட் வேண்டும். ஆகவே 60 வாட்டுக்கும் 80 வாட்டுக்கும் நடுவில் இரண்டாயிரம் ரூபாய் கூடக் கொடுக்காதே. அந்தப் பணம் பெட்டிக்கும் ஸ்பீக்கருக்கும் போகட்டும்.

ஸ்பீக்கர் எத்தனை இன்ச் என்பதும் பாதி விஷயம்தான். தள்ளப்படுகிற காற்றுதான் பேஸ். கோனின் பரப்பு ஒரு பக்கம், அது முன்னும் பின்னும் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்பது இன்னொரு பக்கம். 8 இன்ச்சை விட 12 இன்ச் கோன், ஒரே ஓட்டத்தில் இரண்டேகால் மடங்கு காற்றைத் தள்ளும். ஒரு ஸ்தாயி கீழே இறங்கி அதே சத்தம் தர வேண்டுமானால் கோன் நான்கு மடங்கு தூரம் ஓட வேண்டும். 80 ஹெர்ட்ஸில் ஒரு மில்லிமீட்டர் ஓடியது 40இல் 4 மில்லிமீட்டர், 20இல் 16 மில்லிமீட்டர். இதனால்தான் ஐந்து இன்ச் ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு 'டீப் பேஸ்' என்று எழுதியிருந்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. வாங்கும்போது கோனைச் சுற்றியிருக்கிற வளையத்தைப் பார். தடிமனாக, அரை வட்டமாகப் புடைத்த ரப்பர் வளையம் என்றால் நீளமாக ஓடுகிற ஸ்பீக்கர். மடித்த துணி வளையம் என்றால் அது பெரும்பாலும் மேடைக்குச் செய்தது. சத்தம் எட்டூருக்குக் கேட்கும், ஆழம் இருக்காது. கொடைக்கு அது சரி, ஹாலுக்குச் சரியில்லை.

இனி பெட்டி. என்னைக் கேட்டால் இதுதான் மூலவர், மற்றதெல்லாம் பரிவாரம்.

பைப் இல்லாமல் நாலாபுறமும் அடைத்த பெட்டி ஒரு வகை. அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் என்பவர் 1954இல் ஏ.ஆர்.-1 என்ற ஸ்பீக்கரைக் கொண்டுவந்தார். பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே கோனுக்கு ஸ்பிரிங்காக ஆக்கினார். அதுவரை அலமாரி அளவுக்கு இருந்த பேஸ் பெட்டி புத்தக அடுக்கில் வைக்கிற அளவுக்குச் சுருங்கியது. அடைத்த பெட்டியில் பேஸ் சட்டென்று எழும்பிச் சட்டென்று நிற்கும். கீழே இறங்கும்போது சத்தம் மெதுவாகத்தான் குறையும், ஒரு ஸ்தாயிக்கு 12 டெசிபல். பைப் வைத்த பெட்டி, பைப் பேசுகிற இடத்தில் நல்ல பலமாகக் கொடுக்கும், அதற்குக் கீழே போனால் ஸ்தாயிக்கு 24 டெசிபல் என்று கிணற்றில் விழுந்த மாதிரி விழும். விழுந்த இடத்தில் கோனைப் பிடித்து நிறுத்த உள்ளே காற்றும் இல்லை. சத்தம் கூட்டி வைத்து இடி, குண்டுப் படம் போட்டால் கோன் கட்டவிழ்ந்து ஓடி வாய்ஸ் காயில் அடிபடும்.

எது நல்லது என்று கேட்பாய். நீ எதைக் கேட்கிறாய் என்பதைப் பொறுத்தது. காவடிச்சிந்து பாடிய அண்ணாமலை ரெட்டியாரை ஆதரித்த ஊற்றுமலை ஜமீன் இருந்தது இந்த வீ.கே.புதூர் என்கிற வீரகேரளம்புதூரில்தான். அந்தச் சிந்தின் நடையைத் தவிலோடும் பம்பையோடும் கேட்டுப் பார், அடிக்கு அடி நடுவில் மூச்சு விடவே இடம் இருக்காது. ஒரு அடி முடிந்து நின்றால்தான் அடுத்த அடி தெரியும். மோசமாகச் செய்த பைப் பெட்டியில் முதல் அடியின் 'ஊம்' அடங்கும் முன்னே மூன்றாவது அடி வந்துவிடும், எல்லாம் சேர்ந்து கூழ். நாட்டுப்புறப் பாட்டும், மேளமும், ராஜாவும் கேட்கிறவனுக்கு அடைத்த பெட்டி. படம்தான் பிரதானம், சின்ன ஆம்ப்ளிஃபயரில் நிறையச் சத்தம் வேண்டும் என்றால் பைப் வைத்தது, ஆனால் கணக்கோடு செய்த பைப்.

ஸ்பீக்கரே வெளியே தெரியாமல், பெட்டிக்குள் இரண்டு அறை தடுத்து, துவாரம் வழியாக மட்டும் சத்தம் வருகிற 'பேண்ட்-பாஸ்' வகையும் உண்டு. கல்கத்தாவிலிருந்து அமெரிக்கா போன வங்காள சுதந்திரப் போராட்டக்காரர் ஒருவரின் மகன் அமர் போஸ் தொடங்கிய கம்பெனி, 1987இல் அக்கூஸ்டிமாஸ் என்று இந்த வகையை வீட்டு மூலைகளில் ஒளித்து வைக்கிற மாதிரி செய்து விற்றது. ஆசாரியிடம் சொல்லிச் செய்கிற வேலை இல்லை அது, விட்டுவிடு.

ஹாஃப்மன் என்று ஒரு மனிதர் இருந்தார். கே.எல்.எச். என்ற ஸ்பீக்கர் கம்பெனியின் பெயரில் 'எச்' அவர்தான். சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், கொஞ்ச கரண்ட்டில் நிறையச் சத்தம், இந்த மூன்றில் இரண்டைத்தான் ஒரு நேரத்தில் வாங்க முடியும் என்று சொல்லிவைத்துவிட்டுப் போனார். இன்றைக்கு வரைக்கும் எந்தக் கம்பெனியும் அதைத் தாண்டவில்லை. டீப்பாய்க்கு அடியில் போகிற அளவு பெட்டி, பூமி அதிர்கிற பேஸ், விலையும் நாலாயிரம் என்று விளம்பரம் வந்தால், மூன்றில் எதை ஒளித்து வைத்திருக்கிறான் என்று தேடு.

சரி, கையைச் சுட்டுக்கொண்ட கதை. நாங்கள் செய்யச் சொன்ன பெட்டி உள்ளளவு 30, 38, 35 செ.மீ., ஏறக்குறைய 40 லிட்டர். 10 இன்ச் ஸ்பீக்கர். பின்பலகையில் உள் விட்டம் 7.5 செ.மீ. பைப், 20 செ.மீ. நீளம். இந்தக் கணக்குக்குப் பைப் 36 ஹெர்ட்ஸில் பேச வேண்டும். பெட்டி செய்தவர் நல்ல கைவேலைக்காரர், ஆனால் தாராள மனசுக்காரர். "பெரிய பைப்பா போட்டா பேஸு நல்லா வரும்லா" என்று 10 செ.மீ. பைப்பை அதே 20 செ.மீ. நீளத்துக்கு அறுத்து மாட்டிவிட்டார். வீட்டில் வந்து போட்டால் எந்தப் பாட்டுக்கும் ஒரே சுதி, 'ஊம், ஊம்'. உன் அத்தான் இரண்டு நாள் ஆம்ப்ளிஃபயரைத் திட்டினார்.

மூன்றாம் நாள் நான் பெட்டியை மல்லாக்கப் போட்டேன். பைப் பின்பக்கம் இருக்கிறதால் அடியில் இரண்டு செங்கல் கொடுத்து, காற்று போக இடம் விட்டேன். கோனில் ஒரு சிட்டிகைப் பச்சரிசி தூவினேன். செல்போனில் ஒரே சுதியாக ஒலி எழுப்புகிற ஆப் இருக்கிறது. அதை ஆம்ப்ளிஃபயரில் சொருகி, சத்தத்தைக் குறைத்து வைத்து, 60 ஹெர்ட்ஸிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கினேன். அரிசி பொரி மாதிரிக் குதித்தது. 50க்கு வந்ததும் குதிப்பு அடங்கியது. 46இல் அரிசி அப்படியே படுத்துக் கிடந்தது, ஆனால் பின்னால் கை வைத்தால் பைப்பிலிருந்து காற்று வீசுகிறது. 44, 42 என்று போனதும் மறுபடி குதி. பைப் பேசுகிற சுதியில் கோன் ஏறக்குறைய நின்றுவிடும், வேலையைப் பைப்பில் இருக்கிற காற்று எடுத்துக்கொள்ளும். ஆக எங்கள் பைப் 36க்குப் பதிலாக 46இல் பேசிக்கொண்டிருந்தது. வாய் அகன்ற குடத்தின் சத்தம் மேலே ஏறத்தான் செய்யும். அகலப் பைப் போட்டால் நீளத்தையும் கூட்ட வேண்டும்.

எவ்வளவு கூட்ட என்று கணக்குப் போட்டால் 38 செ.மீ. வந்தது. பெட்டியின் ஆழமே 35. பிளம்பர் கடையில் ஒரு எல்போ வாங்கி, பைப்பை உள்ளே வளைத்து விட்டோம். முனை பலகையில் முட்டாமல் பைப்பின் விட்டம் அளவுக்காவது இடம் விட வேண்டும், அதையும் பார்த்துக்கொண்டோம். 'ஊம்' அன்றோடு போனது. முன்பே 7.5 செ.மீ. பைப் போட்டிருந்தால் இந்தப் பாடு இல்லையே என்று கேட்பாய். குறுகிய பைப்பில் சத்தம் கூட்டினால் காற்று 'புஸ்புஸ்' என்று சீறும். எதிலும் ஒரு கஷ்டம் உண்டு. மெதுவாகக் கேட்கிறவனுக்குச் சின்னப் பைப்பே போதும். நாங்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை.

நீயும் செய்யச் சொல்வதானால் 18 மில்லிமீட்டர் பலகைக்குக் குறையாதே. உள்ளே எதிரெதிர்ப் பலகைகளை இணைத்து ஒரு குறுக்குச் சட்டம் கொடுக்கச் சொல். சந்தையில் பானை வாங்கும்போது விரலால் சுண்டிப் பார்த்து 'டங்'கென்று கேட்டால்தான் எடுப்போம். பெட்டிக்கு அப்படியே நேர்மாறு. முட்டியால் தட்டினால் 'மொத்'தென்று செத்த சத்தம் வர வேண்டும். கணீரென்று கேட்டால் அந்தப் பலகையே பாட ஆரம்பித்துவிடும், நீ வாங்கிய பாட்டோடு அதன் பாட்டையும் கேட்க வேண்டும். மூட்டுகளில் காற்றுக் கசிவு இருக்கிறதா என்று பார்க்க ஊதுபத்தி போதும். 40 ஹெர்ட்ஸ் ஒலியை விட்டு, மூட்டு ஓரமாகப் புகையைக் கொண்டுபோ. நேராகப் போகிற புகை ஓரிடத்தில் நடுங்கினால் அங்கே ஃபெவிகால் வை. அடைத்த பெட்டியில் ஒரு மயிரிழை விரிசல் கூட விசில் அடிக்கும்.

ஹாலில் எங்கே வைப்பது என்பதில் பாதி சப்-வூஃபர் வீணாகிறது. 40 ஹெர்ட்ஸ் அலை ஒன்று எட்டரை மீட்டர் நீளம். உன் ஹால் 12க்கு 16 அடி. ஒரு முழு அலை அதற்குள் படுக்கவே இடமில்லை, சுவருக்குச் சுவர் முட்டி மோதும். உன் அளவுக்கு 35 ஹெர்ட்ஸிலும் 47 ஹெர்ட்ஸிலும் அந்த மோதல் பலமாக இருக்கும். அந்தச் சுதிகளில் சுவரோரம் சத்தம் பொங்கும், ஹாலின் நட்டநடுவில் ஒன்றுமே கேட்காது. நீ சோஃபாவை நடுவில் போட்டுவிட்டு 'பேஸ் வரலை' என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போவாய். சோஃபாவை இரண்டடி பின்னால் தள்ளிப் பார், சண்டை தேவைப்படாது.

மூலையில் வைத்தால் இரண்டு சுவரும் தரையுமாக மூன்று பக்கமும் சேர்ந்து பேஸைத் தூக்கிக் கொடுக்கும். சின்ன ஆம்ப்ளிஃபயருக்கு அது இனாம். ஆனால் 'ஊம்' சேர்ந்தே வரும். சரியான இடம் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது, கொஞ்சம் வெட்கத்தை விட வேண்டும். சப்-வூஃபரைத் தூக்கி நீ உட்காருகிற சோஃபாவில் வை. பேஸ் கிட்டார் நன்றாக நடக்கிற ஒரு பாட்டைப் போடு. நீ தரையில் மண்டி போட்டுச் சுவரோரமாகத் தவழ்ந்து போ. ஒவ்வொரு சுரமும் ஒரே பலத்தில், ஒன்று பொங்காமல் ஒன்று மறையாமல் கேட்கிற இடம் ஒன்று வரும். அங்கே சாக்பீஸால் குறி போட்டுப் பெட்டியை அங்கே வை, நீ சோஃபாவுக்குப் போ. உன் அத்தான் தவழ்ந்ததைப் பிள்ளைகள் வீடியோ எடுத்து வைத்திருக்கிறார்கள்.

ஊரில் நம்ம பழைய வீடு மாதிரி ஓட்டு வீடு, நடுவில் முற்றம் என்றால் பேஸ் வானத்தைப் பார்க்கப் போய்விடும். அதே பெட்டி கான்கிரீட் வீட்டில் இரண்டு மடங்கு பேசும். அதனால் கடையில் கேட்டதை வைத்து முடிவு பண்ணாதே, அந்தக் கடையின் அறை வேறு. போட்ட அன்றைக்கு வீட்டில் எதெல்லாம் கூடச் சேர்ந்து பாடுகிறது என்றும் கேள். எங்கள் வீட்டில் பீரோவின் உள்கண்ணாடி, அடுக்களையில் கவிழ்த்து வைத்த எவர்சில்வர் தட்டுகள், ஜன்னல் கொக்கி என்று மூன்று வித்வான்கள் இருந்தார்கள். ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்று நினைத்து மெக்கானிக்கைக் கூப்பிட்டிருப்பேன், நல்லவேளை தட்டை நகர்த்திப் பார்த்தேன்.

குமிழ்களைப் பற்றி நிறைய இல்லை. எந்தச் சுதிக்குக் கீழே சப்-வூஃபர் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்கிற கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வை. மற்ற ஸ்பீக்கர்கள் கையளவு சின்னதாக இருந்தால் 120க்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும், அப்போது பேஸ் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று காது கண்டுபிடித்துவிடும், ஆகவே பெட்டியை டிவிக்குப் பக்கத்திலேயே வை. ஃபேஸ் ஸ்விட்சை 0, 180 இரண்டிலும் போட்டுச் சோஃபாவிலிருந்து கேள், எதில் பேஸ் நிறைவாக இருக்கிறதோ அதில் விட்டுவிடு. வால்யூமை வீட்டுக்கு வந்தவர் "சப்-வூஃபர் எங்க இருக்கு?" என்று தேடுகிற அளவுக்கு வை. வந்தவுடன் கையை நீட்டி "இதுதானே" என்றால் கூடிப்போய்விட்டது.

பாட்டு இல்லாதபோதும் 'ம்ம்ம்' என்று முனகினால் மூன்று பின் பிளக்கில் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை விட்டுப் பார்க்கச் சொல். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் முனகினால் அது சதுர அலை இன்வெர்ட்டராக இருக்கலாம், பெட்டியின் குற்றமில்லை.

நம்ம பக்கத்துக்கென்று ஒரு கஷ்டம் இருக்கிறது, குற்றாலச் சாரல். ஆனி பிறந்தால் தென்காசி, சுரண்டை வரைக்கும் காற்றே ஈரமாக வரும், அப்பளமே நமுத்துப்போகும். எம்.டி.எஃப். பலகையின் அறுத்த ஓரங்கள் ஈரத்தை உறிஞ்சி உப்பும், ஸ்பீக்கரைப் பிடித்திருக்கிற திருகு பிடி விடும். ஓரங்களுக்கும் பைப் ஓட்டைக்கும் உள்பக்கமும் சேர்த்து இரண்டு கை பெயிண்ட் அடிக்கச் சொல், இல்லையென்றால் மரைன் பிளைவுட் போடு. வெறும் பேப்பர் கோனும் நுரை வளையமும் இங்கே நாள்பட நிற்காது. எங்கள் பழைய ஸ்பீக்கரின் நுரை வளையத்தை விரலால் தொட்டேன், ஊறவைத்த ரொட்டி மாதிரிப் பிய்ந்து வந்தது. ரப்பர் வளையமாகவே கேட்டு வாங்கு. கோன் கீழே பார்த்து இருக்கிற பெட்டியைத் துடைத்த ஈரத் தரையில் அப்படியே வைக்காதே, நான்கு ரப்பர் காலாவது கொடு. பைப் வாயில் அகலக் கண் உள்ள ஒரு வலையை ஒட்டிவிடு. எலிக்கும் பல்லிக்கும் சொந்த வீடு கட்டித் தர நமக்கு வசதியில்லை. உள்ளே போடுகிற பஞ்சுக்கு இலவம் பஞ்சு வேண்டாம், பூச்சி வரும். தலையணைக்குப் போடுகிற பாலியஸ்டர் பஞ்சு போதும்.

கடைசியாக, கிழக்குச் சுவர் உனக்கும் பெரியப்பா வீட்டுக்கும் பொதுச் சுவர். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் என்று வைத்திருக்கிறார்கள். அந்த அளவைக் காது கேட்கிற மாதிரியே சரிப்படுத்தி அளப்பதால் 40 ஹெர்ட்ஸ் பேஸ் மீட்டரில் ஏறக்குறையப் பதியவே பதியாது. மீட்டர் சும்மா இருக்கும், பெரியப்பாவின் கட்டில் சும்மா இருக்காது. அந்தச் சுவரில் மட்டும் பெட்டியை ஒட்டி வைக்காதே, பத்து மணிக்கு மேல் சப்-வூஃபர் ஸ்விட்சை அணைத்துவிடு.

பால் காய்ச்சுக்கு முந்தின நாளே நான் வந்துவிடுவேன். பச்சரிசி கொண்டு வருகிறேன், இரண்டு செங்கல் மட்டும் எடுத்து வை.